ஆண்டுத் திட்டத்தைப் பையன்கள் போடட்டும்: சாரணர் ட்ரூப்பில் தலைமை வளரும் விதம்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமை ஆசிரியர் கேட்பார், "சார், சாரணர் ஆண்டுத் திட்டம் ரெடியா?" என்று. நாமும் போன வருஷத்து நோட்டை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம். ஜூலையில் மரக்கன்று, ஆகஸ்ட் 15 அணிவகுப்பு, அக்டோபர் 2 தூய்மைப் பணி, நவம்பர் 7 கொடி நாள், ஜனவரி 26 மறுபடி அணிவகுப்பு, பிப்ரவரி 22 சிந்தனை நாள், நடுவில் எங்காவது ஒரு முகாம். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். சாரண ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆறு வருஷமும் நான் கொடுத்தது இந்தத் தாளைத்தான், அதில் எழுதியிருந்த எல்லாமே நடக்கவும் செய்தன.

பிறகு ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்டால், மூன்று சனிக்கிழமையும் கூட்டமே நடக்கவில்லை. ட்ரூப் என்கிற எங்கள் மொத்தக் குழுவில் 28 பையன்கள், அதற்குள் பேட்ரோல் என்கிற சிறு அணிகள் நான்கு, நான்கு பேட்ரோல் லீடர். ஆனால் சாமான் அறைச் சாவி என்னிடம், விசில் என்னிடம், அடுத்து என்ன செய்வது என்ற யோசனையும் என் தலைக்குள். பையன்கள் வந்து பார்த்திருக்கிறார்கள், சார் இல்லை, வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்யத்தான் ஆறு வருஷமாக நான் பழக்கியிருந்தேன்.

தலைமைப் பண்பு என்ற சொல்லை எல்லா விழா மேடையிலும் கேட்கிறோம். வரிசையை நேராக நிற்கவைப்பதும், மேடையில் பயமில்லாமல் பேசுவதும், கணீரென்று ஆணை கொடுப்பதும்தான் தலைமை என்று பலர் நினைக்கிறார்கள். அவை நல்ல பழக்கங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 13 வயதுப் பையனுக்குத் தலைமை வேறு இடத்தில் பிறக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு முடிவை அவன் எடுக்க வேண்டும், அந்த முடிவின் பலன் கூட இருக்கிற ஆறு பேர் மேல் விழ வேண்டும், சாயங்காலம் அந்த ஆறு பேர் முகத்தை அவன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் வருஷம் முழுக்க, சின்னதிலிருந்து பெரிதாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி அடுக்கி வைப்பதுதான் ஆண்டுத் திட்டம். அதில் முதல் சந்தர்ப்பமே ஆண்டுத் திட்டத்தைப் போடுவது. அதையும் ஆசிரியரே போட்டுவிட்டால் வருஷத்தின் மிகப் பெரிய முடிவு பையன்களிடமிருந்து ஜூன் மாதமே பறிபோய்விடுகிறது.

இதில் புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சாரணியம் ஆரம்பித்ததே இப்படித்தான். 1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் முற்றுகைக்குள் சிக்கியது, 217 நாள் நீடித்தது. நகரத்தைக் காத்த படைக்குத் தலைவர், பின்னாளில் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல். ஆள் போதாததால், அவருடைய அதிகாரி எட்வர்ட் செசில் ஊர்ப் பையன்களைச் சேர்த்து, செய்தி கொண்டுபோகவும் மருத்துவமனையில் உதவவும் ஒரு படை அமைத்தார், அந்தப் பையன்களுக்குத் தலைவனாக இருந்தவனும் குட்இயர் என்ற ஒரு பையன்தான். போரில் சிறுவர்களை இறக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உண்மையான வேலையைக் கொடுத்து நம்பினால் பையன்கள் அதைச் செய்து முடிப்பார்கள் என்பதைப் பேடன் பவல் அங்கே கண்ணால் பார்த்தார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் இருக்கும் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது பையன்களை அழைத்துக்கொண்டு போய்ச் சோதனை முகாம் போட்டபோது அவர் முதலில் செய்தது, அவர்களை நான்கு பேட்ரோலாகப் பிரித்ததுதான். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை என்று நான்குக்கும் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் லீடர், தன் ஆட்களுக்கு அவனே பொறுப்பு. இரவில் ஒரு பேட்ரோல் மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி என்று சமைக்காத பொருளை வாங்கிக்கொண்டு தனியாகப் போய், தானே சமைத்துச் சாப்பிட்டு, காவல் போட்டுத் தங்கியது. இன்றைக்கு எத்தனை பள்ளி முகாம்களில் ஒரு பேட்ரோல் தன் சோற்றைத் தானே பொங்குகிறது? பெரும்பாலும் சமையல்காரரும் வாழை இலையும் தயாராக இருப்பதைத்தான் பார்க்கிறேன்.

நம் ஊர்க் கதையிலும் இதே இழை இருக்கிறது. 1909-இல் பெங்களூரில் சாரணியம் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். இந்தியப் பையன்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சேர்ந்து இந்தியப் பையன்களுக்கென்று தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தன் நாட்டைத் தானே நடத்தப்போகிற தலைமுறைக்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. இப்படித் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த அமைப்புகள் சுதந்திரத்துக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண இயக்கம் ஆனது, அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15-இல் பெண் பிள்ளைகளான சாரணியரும் அதோடு இணைந்தார்கள். கொடி நாள் நவம்பர் 7-இல் வருவது அதனால்தான். கொடி ஸ்டிக்கர் விற்கிற பையனுக்கு இது தெரிந்திருந்தால் அவன் பேசுகிற விதமே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, திட்டத்துக்கு வருவோம். சாரணர் அமைப்பில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. ஒரு பேட்ரோலில் ஆறிலிருந்து எட்டுப் பேர். அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவது பேட்ரோல் இன் கவுன்சில். எல்லா பேட்ரோல் லீடர்களும் (நாங்கள் பி.எல். என்றுதான் சொல்வோம்) கூடிப் பேசுவது கோர்ட் ஆஃப் ஹானர், அங்கே சாரண ஆசிரியர் ஆலோசகர் மட்டும். பேரைக் கேட்டு ஏதோ விசாரணை நடக்கிற இடம் என்று பல பள்ளிகளில் நினைத்துக்கொண்டு, தப்பு செய்த பையனைக் கண்டிக்க மட்டும் அதைக் கூட்டுகிறார்கள். உண்மையில் ட்ரூப்பின் பணம், நிகழ்ச்சி, முகாம், ஒழுங்கு எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். பேட்ரோலுக்கு ஏழு பேர் அளவில் என்ற இந்தக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவன் வராவிட்டால் தெரியும், ஒருவன் வேலை செய்யாவிட்டால் தெரியும், கூச்சமுள்ள பையனுக்கும் பேச முறை வரும். முப்பது பேர் கூட்டத்தில் நான்கு பேர் மட்டும் பேசுவார்கள், அந்த நான்கு பேர் வகுப்பிலும் பேசுகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

நாங்கள் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை ஒரு பெரிய சார்ட்டில் பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுவோம். முதலில் எழுதுகிற வேலை கிடையாது, அடிக்கிற வேலைதான். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு வாரங்களை அடிப்போம், அதற்கு முந்தின வாரத்தையும் சேர்த்தே அடிப்போம். பள்ளி வேலை நாளாக இருக்கும் சனிக்கிழமைகளை அடிப்போம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வெளியில் தங்கும் வேலைக்கு ஆகாது. அப்புறம் பையன்களே சொல்லுவார்கள்: எங்க கோயில் கொடை இந்த வாரம் சார், கார் அறுப்பு சமயம் அப்பாகூட வயலுக்குப் போகணும் சார், பிசான அறுப்புக்கு எங்க தெருப் பையன் எவனும் வர மாட்டான் சார் என்று. இதெல்லாம் எந்த ஆசிரியரும் தனியாக உட்கார்ந்து எழுதினால் தாளில் வராது. எல்லாம் அடித்து முடித்துப் பார்த்தால் எங்களுக்கு 24, 25 கூட்டம்தான் தேறுகிறது. வருஷத்துக்கு ஐம்பது சனிக்கிழமை இருக்கிறதே என்ற நினைப்பில் ஆசிரியர் போடும் திட்டம் செப்டம்பரிலேயே ஏன் குலைந்துபோகிறது என்று அப்போதுதான் புரியும்.

அடுத்த வாரம் ஒவ்வொரு பேட்ரோலும் தனியாகக் கூடி, இந்த வருஷம் செய்ய ஆசைப்படுகிற மூன்று காரியங்களை எழுதிக் கொண்டுவரும். எப்போதும் கொடைக்கானல் வரும். ஒரு தடவை நான்கு பேட்ரோலுமே கொடைக்கானல் என்று எழுதி வந்தார்கள். முன்பாக இருந்தால் "அதெல்லாம் முடியாதுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போது அதைச் சொல்வதில்லை. கோர்ட் ஆஃப் ஹானரில் பொருளாளர் பையன் பஸ் கட்டணம் விசாரித்து வந்தான், தங்குகிற செலவு, சாப்பாடு எல்லாம் கூட்டினார்கள், தலைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். தன் பேட்ரோலில் இரண்டு பேரால் அந்தப் பணம் கொடுக்க முடியாது என்று ஒரு பி.எல். மெதுவாகச் சொன்னான். யாரும் அதற்குமேல் பேசவில்லை. கையில் பணம் உள்ளவர்கள் மட்டும் போகட்டும் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் இரண்டு இரவு முகாம் என்று மாற்றிக்கொண்டார்கள். நான் முடியாது என்று சொல்லியிருந்தாலும் இதே முகாம்தான் நடந்திருக்கும், ஆனால் அந்த இரண்டு பையன்களை மற்றவர்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆசைகள் வந்த பிறகு அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் ஆசிரியரின் அனுபவம் தேவை. இங்கே நான் வாய் திறப்பேன். பொறுப்பு படிப்படியாகக் கனக்க வேண்டும். ஜூலையில் ஒரு பேட்ரோலுக்குப் பத்து நிமிஷம் போதும், கூட்டத்தின் தொடக்க விளையாட்டை அவர்கள் நடத்துவார்கள். சொதப்பினாலும் பத்து நிமிஷம்தானே. ஆகஸ்டில் ஒரு மணி நேரம். ஒரு பேட்ரோல் ரீஃப் நாட், ஷீட் பெண்ட், க்ளோவ் ஹிட்ச் என்ற மூன்று முடிச்சுகளையும் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். முடிச்சு போடத் தெரிந்தவனெல்லாம் சொல்லித்தரத் தெரிந்தவன் ஆகிவிட மாட்டான் என்று அன்றைக்கு பி.எல். கண்டுகொள்வான். எதிரே நின்று போட்டுக் காட்டினால் கை மாறித் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்பதை எங்கள் பையன் ஒருவன் தானே கண்டுபிடித்து, அப்புறம் மற்ற பி.எல்.களுக்கும் சொன்னான். செப்டம்பரில் அரை நாள் நடைப்பயணம், கையில் வரைபடம், வழியில் ஒரு வேளைச் சமையல்.

அந்தச் சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைமையைப் பழக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. பேட்ரோலுக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவோம், கடைக்குப் போய் வாங்குவதும் கணக்கு கொடுப்பதும் அவர்கள் வேலை. ஆளுக்கு 125 கிராம் அரிசி என்றால் ஏழு பேருக்குக் கிட்டத்தட்ட 900 கிராம் வருகிறது, அதற்கு எவ்வளவு பருப்பு, எத்தனை தக்காளி, எந்தப் பாத்திரம் கொள்ளும், விறகு எங்கே, தண்ணீர் எங்கே, யார் எதைச் சுமப்பது. பி.எல். முதலில் எல்லாவற்றையும் தானே செய்யப் பார்ப்பான். பாதி வழியில் திணறி, அப்புறம்தான் பிரித்துக் கொடுக்கப் பழகுவான். ஒரு செப்டம்பரில் ஒரு பேட்ரோல் உப்பை மறந்துவிட்டு வந்தது. என் பையில் உப்பு இருந்தது, நான் எப்போதும் வைத்திருப்பேன். கை பையின் பக்கம் போனதை அடக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் பி.எல்.மேல் கோபப்பட்டார்கள், அவன் சாமான் பொறுப்பில் இருந்த பையனைத் திட்டினான், அந்தப் பையன் அழ ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து பி.எல்.லே எழுந்து, அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு, தோப்புக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அங்கே இருந்த ஆச்சி, "என்னல, உப்பு இல்லாமலா சோறு பொங்க வந்திய?" என்று கேட்டுக்கொண்டே உப்போடு நாலு ஊறுகாய்த் துண்டும் கொடுத்தனுப்பினாள். சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் போய் அந்த வீட்டு முற்றத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள், நான் சொல்லவில்லை. அடுத்த தடவை சாமான் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பது என்று அந்த பேட்ரோல் முடிவெடுத்தது. மற்ற மூன்று பேட்ரோலும் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

மழை மாதங்களை வீணான காலம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவை பிடித்தமான மாதங்கள். முதலுதவி, வரைபடம் வாசித்தல், திசைகாட்டி, முகாமுக்கான கணக்கு வழக்கு எல்லாம் வகுப்பறைக்குள் உட்கார்ந்து நடத்தலாம். அக்டோபரில் உலகச் சாரணர்கள் வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் பேசிக்கொள்ளும் வார இறுதி ஒன்று வருகிறது, பக்கத்தில் ஹாம் ரேடியோ ஆர்வலர் யாராவது இருந்தால் அவரைப் பிடித்துவிடலாம். நவம்பரில் கொடி நாளை ஒட்டிக் கரி கமாய் வைக்கலாம். உழைத்துச் சம்பாதிப்பது என்று அதற்குப் பொருள். சைக்கிள் துடைப்பது, தோட்டம் கொத்துவது, கடையில் மூட்டை அடுக்குவது என்று வேலை செய்து வருகிற பணத்தை ட்ரூப் கணக்கில் போடுவது. டிசம்பர் முகாமின் செலவில் ஒரு பங்காவது இந்தப் பணமாக இருந்தால் முகாமில் ஒரு சோற்றுப் பருக்கை வீணாகாது.

டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறையில், மழை குறைந்திருந்தால் அந்த இரண்டு இரவு முகாம். அதற்குள் பி.எல். பத்து நிமிஷம், ஒரு மணி நேரம், அரை நாள் என்று ஏறி வந்திருப்பான். ஜூலையிலேயே நேராக முகாமில் கொண்டுபோய் விட்டால், எட்டுப் பேரை இரண்டு நாள் கட்டி மேய்க்கத் தெரியாமல் கத்துவான், அடிப்பான், இல்லாவிட்டால் ஓடி வந்து நம்மிடம் புகார் சொல்வான். சின்ன லீடர்கள் முரட்டுத்தனமாக நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம், படி ஏறாமல் உச்சியில் நிறுத்தப்பட்டதுதான்.

எல்லாவற்றையும் பையன்களிடம் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில முடிவுகள் பெரியவர்களுடையவை, அதைப் பையன்களிடமும் ஜூன் மாதமே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குளம், கிணறு, ஆறு எதிலும் இறங்குவது அவர்கள் முடிவு இல்லை. இரவில் முகாம் எல்லையைத் தாண்டுவது அவர்கள் முடிவு இல்லை. தீயைச் சுற்றி எந்நேரமும் ஒரு பெரியவர், எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒருவனும் பஸ் ஏறக் கூடாது. எங்கள் பக்கம் மலையடிவாரம் என்றால் யானை வரும் இடம் எது என்று வனத்துறையிடம் கேட்டு, அனுமதி வாங்காமல் கூடாரம் அடிக்கக் கூடாது. ஒரு பெரியவர் ஒரு பையனோடு தனியறையில் இருப்பது கூடாது என்பதையும் விதியாகவே வைத்திருக்கிறோம், அதைப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறோம். இந்தக் கோட்டுக்குள்ளே இருக்கிற மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் தவறு செய்யலாம். உப்பை மறக்கலாம், கூடாரத்தைப் பள்ளத்தில் அடித்து நனையலாம், வழி தப்பி ஒரு கிலோமீட்டர் கூட நடக்கலாம்.

பருவத்தையும் இடத்தையும் பார்க்காமல் திட்டம் போட்டால் எவ்வளவு பெரிய அமைப்பும் தடுமாறும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கத்தில் நடந்த உலகப் பெருந்திரளணியே (ஜாம்பூரி என்கிற சாரணர் பெருமுகாம்) சாட்சி. கடலிலிருந்து மீட்டெடுத்த திறந்த வெளி, நிழல் கிடையாது, கடும் வெயில், 40,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சோர்ந்து விழுந்தார்கள், பிரிட்டன் அணியும் அமெரிக்க அணியும் பாதியில் வெளியேறின, கடைசியில் புயல் எச்சரிக்கையால் எல்லாரையும் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். நம் ஊரில் கோடை விடுமுறை கிடைக்கிறதே என்று மே மாதம் முகாம் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பி.எல்.களிடம் இந்தச் செய்தியைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். மரம் எண்ணிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு பண்ணுவோம் சார் என்றான் ஒருவன். அந்த வருஷத்திலிருந்து முகாம் இடம் பார்க்கப் போகும்போது ஒரு பையனின் வேலை நிழலையும் தண்ணீர்க் குழாயையும் எண்ணுவதுதான்.

விருதுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், அதற்குமேல் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருது, அதற்குமேல் குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் இருக்கின்றன. நன்றாக யோசித்து அமைத்த படிகள். ஆனால் பல ட்ரூப்களில் ஆண்டுத் திட்டம் என்றாலே ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாமுக்கு ஆள் அனுப்பும் திட்டம் என்று ஆகிவிட்டது. நான்கு பையன்களுக்காக வருஷம் முழுக்கப் பதிவேடு எழுதப்படுகிறது, மற்ற 24 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், செய்யாத சேவைக்கெல்லாம் பதிவேட்டில் தேதி போட்டு எழுதச் சொன்னார்கள், பையன்களும் எழுதினார்கள். சாரணன் நம்பத்தக்கவன் என்று சட்டத்தின் முதல் வரியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கெடுதல் நாம் செய்துவிட முடியாது. திட்டத்தை ஒழுங்காக நடத்தினால் படிகளுக்குத் தேவையானவற்றில் முக்கால்வாசி தானாக முடிந்திருக்கும், மிச்சத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். பெருந்திரளணிகளும் அப்படித்தான். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட்டில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது, நாடு முழுவதிலுமிருந்து வந்த கூட்டத்தைப் பார்ப்பது ஒரு பையனுக்கு வாழ்நாள் நினைவு. ஆனால் ட்ரூப்பில் எல்லாரும் போக முடியாது. மிச்சப் பேருக்கும் சேர்த்து யோசிப்பது அவர்கள் ஊரிலேயே நடக்கிற 25 கூட்டத்தில்தான் முடியும்.

சாரணியர் விஷயத்தில் ஒரு கூடுதல் தடை இருக்கிறது. இரவு தங்க வீட்டில் விடுவதில்லை. எங்கள் பள்ளி சாரணிய ஆசிரியை இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்தது. ஆகஸ்டில் காலை முதல் மாலை வரை ஒரு முழு நாள் முகாமைப் பள்ளி வளாகத்திலேயே வைத்து அம்மாக்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சமைத்தது பிள்ளைகள், பரிமாறியது பிள்ளைகள், கணக்கு வாசித்ததும் பிள்ளைகள். வீட்டில் ஒரு டம்ளர்கூட எடுத்துவைக்காதவள் இங்கே ஏழு பேருக்கு வேலை சொல்கிறாளே என்று ஓர் அம்மா சொன்னதைக் கேட்டேன். டிசம்பரில் இரண்டு அம்மாக்கள் துணைக்கு வந்து தங்கினார்கள், முக்கால்வாசிப் பிள்ளைகள் முகாமுக்கு வந்தார்கள். பேச்சால் நம்பிக்கையை வாங்க முடியாத இடத்தில் ஒரு பகல் வேலை செய்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். பி.எல். கேட்பான்: எது நன்றாக நடந்தது, எது சரியாக வரவில்லை, அடுத்த தடவை எதை மாற்றலாம். ஆசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும், முடிந்தால் பேசாமலே இருக்க வேண்டும். எனக்கு இது மிகவும் கஷ்டமாக இருந்தது. 20 வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற வாய் சும்மா இருக்காது. ஆனால் நான் முதலில் பேசினால் என் கருத்தைத்தான் ஏழு பேரும் திருப்பிச் சொல்கிறார்கள், அது தெரிந்த பிறகு ஒரு மரத்தடியில் பத்தடி தள்ளி உட்காரப் பழகிக்கொண்டேன்.

கடைசியாக, லீடர் மாறும் நேரம். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, ஆனால் மொத்தத் திட்டமும் இதில்தான் தொங்குகிறது. வழக்கமாக ஜூனில் புது லீடர்களை நியமிப்பார்கள். அப்போது பழைய லீடர் பத்தாம் வகுப்பு போயிருப்பான், சிறப்பு வகுப்பு, டியூஷன் என்று ஆளே கிடைக்க மாட்டான். புது லீடர், புதிதாகச் சேர்ந்த பையன்கள், புது ஆண்டுத் திட்டம், எல்லாம் ஒரே நாளில் ஒருவன் தலையில் விழும். நாங்கள் பொங்கல் விடுமுறை முடிந்த முதல் கூட்டத்துக்கு அதை மாற்றிவிட்டோம். டிசம்பர் முகாமில் உதவி லீடர் எப்படி நடந்தான் என்று எல்லாரும் பார்த்திருப்பார்கள், பேட்ரோல் கூடி யாரை வேண்டும் என்று சொல்லும், கோர்ட் ஆஃப் ஹானர் உறுதி செய்யும். எட்டாம் வகுப்புப் பையன் லீடர் ஆவான், ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஏப்ரல் வரை அதே பேட்ரோலில் சாதாரண ஆளாக இருப்பான், கேட்டால் மட்டும் யோசனை சொல்வான். ஜனவரியில் வந்தவன் பிப்ரவரி சிந்தனை நாளை நடத்திப் பழகி, மார்ச்சில் ஒரு நடைப்பயணம் போய், ஜூனில் சார்ட் முன்னால் உட்காரும்போது ஐந்து மாத அனுபவத்தோடு உட்காருவான்.

கை மாறும் அன்று பழைய லீடர் மூன்று பொருள் கொடுப்பான்: பேட்ரோல் கொடி, சாமான் பெட்டிச் சாவி, ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டில் அவன் ஒரு வருஷத்தில் கண்டதை எழுதியிருக்க வேண்டும், அதை நான் படிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன ஜனவரியில் புது லீடர் ஒருவன் தானாகவே ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். அதில் யார் யாருக்கு எது வராது, யாரிடம் எப்படிச் சொன்னால் கேட்பான், யார் வீட்டில் இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று ஏழு பேர் பேரும் வரிசையாக இருந்தன. அடியில், நாங்கள் உப்பு வாங்கிய வீட்டு ஆச்சிக்கு தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதே, என்று எழுதியிருந்தான்.